சில்லாரிக்கு ஒரு பின்கோடு

அநியாயம் நடந்தது எனக்குத்தான் அக்கா. நன்முல்லை, முனைவர் பட்ட ஆய்வாளர், முழுநேரம், மூன்றாம் ஆண்டு. செய்தது ஒரு கட்டம். ஆள் இல்லை, கட்டம். ஒரு படிவத்தில் ஏழாவதாக இருக்கிற, தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒரு கட்டம் என்னுடைய மூன்று வருஷத்தை விழுங்கப் பார்க்கிறது.

நீங்கள் என் மடியில் இருக்கிற இட்லிச் சட்டியைப் பார்க்கிறீர்கள். அருப்புக்கோட்டையில் ஏறியதிலிருந்து பார்க்கிறீர்கள். கண்டக்டரும் பார்த்தார். "லக்கேஜ் போடணும்மா" என்றார். மடியில் வைத்திருப்பது எப்படி லக்கேஜ் ஆகும், மடியில் இருக்கிற குழந்தைக்கு லக்கேஜ் போடுவீர்களா என்று கேட்டேன். "குழந்தைக்கு மூடி இருக்காதும்மா" என்றார். இது ஒரு வாதமா? நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். வாதத்தில் தோற்பவர்கள் எல்லாருமே இப்படித்தான், ஏதாவது ஒரு விசில் வைத்திருப்பார்கள்.

இருங்கள், என்னமோ கேட்க வந்தீர்கள். சட்டியைப் பற்றித்தானே? வருகிறேன். சட்டி கடைசியில்தான் வரும். முதலில் கட்டம்.

எங்கள் துறையில் ஒரு வரைபடம் தயாராகிறது. வெளியே பேர் தெரியாத சின்னச் சின்ன மொழிகள் எங்கெங்கே பேசப்படுகின்றன என்று காட்டுகிற வரைபடம். மொழிக்கு ஒரு புள்ளி. புள்ளி வைக்க ஒரு படிவம், படிவத்தில் பன்னிரண்டு கட்டம். முதல் கட்டத்தில் மொழியின் பெயர். சில்லாரி என்று எழுதியாகிவிட்டது. இரண்டாவதில் பேசுகிறவர்கள் யார். பழைய பட்டுப்புடவை வாங்கிப் பாத்திரம் கொடுக்கிற வியாபாரிகள் என்று எழுதியாகிவிட்டது. இப்படியே ஆறு வரைக்கும் மளமளவென்று போய்விட்டேன். ஏழாவது: பேசப்படும் இடம். ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு.

இடம் இல்லை என்றால் புள்ளி இல்லை. புள்ளி இல்லை என்றால் மொழி இல்லை. மொழி இல்லை என்றால் என் ஆய்வுத் தலைப்பு இல்லை. தலைப்பு இல்லை என்றால் நான் யார், சொல்லுங்கள்? மூன்று வருஷமாக விடுதி மெஸ்ஸில் சாப்பிட்ட ஒருத்தி. அவ்வளவுதான்.

எங்கள் கைடு தவசிலிங்கம் சார் நல்ல மனுஷன். அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய குறை. சண்டை போடவே வரமாட்டார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஏழாவதை நிரப்பிக் குடுத்துரும்மா. இல்லேன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல, தலைப்பை மாத்திக்கலாம்" என்றார். மாற்றுத் தலைப்புகூட ரெடியாக வைத்திருக்கிறார்: சுவரொட்டிகளில் வியப்புக்குறி. "வியப்புக்குறிக்கு இடப் பிரச்சினையே கிடையாதும்மா, எல்லா ஊர்லயும் இருக்கு" என்று ஆறுதல் வேறு. இன்றைக்கு வியாழக்கிழமை அக்கா. நாளைக்கு சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் நான் வியப்புக்குறி எண்ணப் போகவேண்டும்.

சரி, இடம்தானே, அந்த ஊருக்குப் போய்ப் பார்த்து எழுதவேண்டியதுதானே என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. போனேன். சாத்தநேந்தல். முப்பது வீடு, ஒரு ரேஷன் கடை, கடைக்குப் பின்னால் ஓர் அறை. அந்த அறையில் ஒரு மாதம் இருந்தேன். ஊரில் எல்லாருக்கும் பட்டு வியாபாரம். இரண்டு இரண்டு பெண்களாகச் சேர்ந்து, பாத்திர மூட்டையோடு காலை முதல் பஸ்ஸில் போய்விடுவார்கள், பொழுது சாய வருவார்கள். எனக்குப் பழக்கமானது சீனியம்மாவும் அவள் நாத்தனார் முத்துராக்கும். சீனியம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும், அளந்துதான் பேசுவாள். முத்துராக்கு வாயைத் திறந்தால் நக்கல்தான்.

முதல் நாளே ரெக்கார்டரை ஆன் செய்து முன்னால் வைத்தேன்.

"பெரியம்மா, உங்க மொழி என்ன?"

"சில்லாரி, தாயி."

"நல்லாப் பேசுவீங்களா?"

"ராக்கு பேசி நீ கேக்கணுமே. நாலு தெரு கெறங்கிப்போகும்."

"அப்ப பேசுங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுத்தெருவில் குளிக்கச் சொன்ன மாதிரி ஒரு பார்வை.

"இங்கயா?" என்றாள் சீனியம்மா.

"இங்க என்ன பெரியம்மா? இதுதானே உங்க ஊரு?"

"ஊருதான். ஊருக்குள்ள எல்லாருக்கும் சில்லாரி தெரியுமே. யாருக்குத் தெரியாம இங்க பேசணும்?"

கேட்டீர்களா அக்கா? யாருக்குத் தெரியாமல் பேசவேண்டும் என்று கேட்கிறாள். விஷயம் என்னவென்றால், சில்லாரியை அவர்கள் வியாபாரம் நடக்கிற வாசலில்தான் பேசுவார்கள். வீட்டுக்காரம்மா புடவையை எடுத்துக்கொண்டு வருவாள். ஜரிகை அசலா, போலியா, எவ்வளவு தூரம் ஏறலாம், குண்டானோடு நிறுத்தலாமா, குடம் வரைக்கும் போகலாமா, இதையெல்லாம் அவள் முன்னாலேயே, அவளுக்குப் புரியாமல் பேசவேண்டுமே. அதற்கு ஒரு மொழி. வீட்டுக்கு வந்தால் தமிழ். பிள்ளையைக் கொஞ்சுவது தமிழ், புருஷனைத் திட்டுவது தமிழ், சாமி கும்பிடுவது தமிழ். வீட்டுக்குள் யாராவது வாய்தவறி சில்லாரியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரிய சண்டையே வந்துவிடும். "ஏன், நான் என்ன அசலூர்க்காரியா, எனக்குத் தெரியாம என்னத்தப் பேசுற?" என்று. சில்லாரி தெரிந்தவளே அப்படிக் கேட்பாள்!

"எனக்குத்தான் தெரியாதே பெரியம்மா, என் முன்னாடி பேசலாமே" என்றேன். மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

முத்துராக்கு சிரித்தாள். "ஒனக்குத் தெரியாம நாங்க எதப் பேச? ஒங்கிட்ட என்ன பட்டா இருக்கு? ஒரு பேனாதான இருக்கு."

நான் விடுவேனா? தாய்மொழி பற்றி ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். மொழி என்பது வாசலில் வைத்துவிட்டு வருகிற செருப்பு இல்லை என்றேன். அடுத்த நாள் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஊரில் இருக்கிற நாள், வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டே சொன்னேன். கைதட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து, "இம்புட்டு நேரம் தண்ணி குடிக்காமப் பேசுன பிள்ளைய நான் பாத்ததில்ல" என்று பாராட்டினார். இருநூறு சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். தண்ணீர், நெருப்பு, அம்மா, நிலா, பேன் என்று இருக்கும், எந்த மொழிக்கும் இதைத்தான் முதலில் கேட்போம். "நிலாவுக்கு சில்லாரியில என்ன?" என்று கேட்டால் சீனியம்மா யோசித்துவிட்டு, "நிலாவ எதுக்குத் தாயி நாங்க வெலைக்கு வாங்கப் போறோம்?" என்கிறாள்.

இப்படி ஒரு மாதம். நாற்பத்தோரு மணி நேரப் பதிவு. அதில் சில்லாரி? ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்தோரு மணி நேரமும் சுத்தமான தமிழ். அதிலும் பெரும்பாலும் நல்ல தமிழ், ஏனென்றால் பெரும்பாலும் நான் பேசியது.

போன் அடிக்கிறதா? அம்மாதான். காலையிலிருந்து ஐந்து தடவை. எடுத்தால் பேசிக்கொண்டே இருப்பார்கள், யாரையும் பேச விடமாட்டார்கள். பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆமாம். தவசிலிங்கம் சாருக்கு போன் செய்தேன்.

"சார், சில்லாரி சாத்தநேந்தல்ல பேசப்படல சார்."

"அப்ப எங்கம்மா பேசப்படுது?"

"அடுத்தவங்க வீட்டு வாசல்ல சார்."

"எந்த ஊர் வாசல்ல?"

"எல்லா ஊர்லயும். இன்னைக்குக் காரியாபட்டி, நாளைக்குத் திருச்சுழி, நாளன்னைக்கு எங்கன்னு அவங்களுக்கே தெரியாது. பட்டு இருக்கிற வாசல்."

"அதுக்குப் பின்கோடு என்னம்மா?" என்றார்.

ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்து வந்து சொல்கிறேன் அக்கா, ஊரே இல்லாத ஒரு மொழி, வாசலுக்கு வாசல் நகர்ந்துகொண்டே இருக்கிற மொழி, இந்த மனுஷன் பின்கோடு கேட்கிறார். கட்டத்தில் ஆறு இலக்கத்துக்கு மேல் ஏறாதாம். "நகர்ற புள்ளி வைக்க முடியாதும்மா, அச்சகத்துல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். பேசாமல் சாத்தநேந்தல் என்றே எழுதிவிடச் சொன்னார். எழுத மாட்டேன் என்றேன். அது பொய். அந்த மொழி பேசப்படாத ஒரே ஊர் சாத்தநேந்தல்தான். அங்கே போய்ப் புள்ளி வைப்பது, உப்பு எங்கே விளையவில்லையோ அங்கே உப்பளம் என்று போர்டு வைக்கிற மாதிரி.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "பத்து நிமிஷம் பதிவு பண்ணிக் கொண்டா. இடையில யாரும் குறுக்கிடாத, சுத்தமான பத்து நிமிஷம். எந்த இடத்துல பதிவாச்சோ அதுதான் இடம். அந்த ஊர் பின்கோடை நான் போட்டுக்கறேன்."

பத்து நிமிஷம். கேட்பதற்கு எவ்வளவு சுலபம், பாருங்கள்.

கிளம்பினேன். சீனியம்மா, முத்துராக்கு, நான், பாத்திர மூட்டை. ஆறு நாள் தெருத்தெருவாகச் சுற்றினேன். முதல் வாசலிலேயே வீட்டுக்காரம்மா ஒரு பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். முத்துராக்கு முந்தியைத் திருப்பி ஒரு இழையை உருவினாள். சீனியம்மாவிடம் மெதுவாக என்னமோ சொன்னாள். வந்துவிட்டது! சில்லாரி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வீட்டுக்காரம்மா, "அது என்ன பாஷை?" என்று கேட்டாள். ஒரு பெண்மணிக்கு மொழியில் ஆர்வம் வருகிறது, ஆய்வாளராகிய நான் சும்மா நிற்கலாமா? சில்லாரி என்றால் என்ன, வியாபாரக் குழுக்கள் ஏன் தனி மொழி வைத்துக்கொள்கிறார்கள், வாடிக்கையாளர் முன்னாலேயே எப்படி விலையை மறைத்துப் பேசுகிறார்கள் என்று ஆதியிலிருந்து விளக்கினேன். அந்தம்மா கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

முத்துராக்கு என்னைப் பார்த்து, "ரேடியோவ நிப்பாட்டுற திருகு எங்க இருக்கு மதினி?" என்று சீனியம்மாவிடம் கேட்டாள். தமிழில் கேட்டாள். என் முன்னால் மறைக்கக்கூட வேண்டாம் என்கிற அலட்சியம்!

இரண்டாம் வாசலில் நான் ஒன்றுமே விளக்கவில்லை. சந்தேகம் மட்டும்தான் கேட்டேன். அந்த வார்த்தை பெயரா வினையா என்று. மூன்றாம் நாளிலிருந்து என்னைத் தெருமுனையிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். தெருமுனையில் நின்றால் என்ன கேட்கும்? நாய் குரைப்பது கேட்கும். அதையும் பதிவு செய்தேன். ஆறு நாளில் மொத்தம் பத்தொன்பது வாசல். ஒவ்வொன்றிலும் நான் பக்கத்தில் போகும்போது பேச்சு நின்றுவிடுகிறது, தள்ளிப்போனால் ஆரம்பிக்கிறது. மூடிவைத்த சமையலறையில் எலி மாதிரி. எத்தனையோ யோசித்துப் பார்த்தேன், காரணம்தான் பிடிபடவில்லை. வெளியாள் என்கிற கூச்சமாக இருக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

என்னக்கா, சட்டியைக் காட்டுகிறீர்கள்? மூடிக்கு அடியில் என்னமோ நீட்டிக்கொண்டிருக்கிறதா? துடைக்கிற துணியாக இருக்கும். பாத்திர வியாபாரிகள் உள்ளே எதையாவது சுருட்டி வைத்துத்தான் கொடுப்பார்கள், நசுங்காமல் இருக்க. இதோ சட்டிக்குத்தான் வருகிறேன்.

நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். முத்துராக்கு முதல் நாளே சொன்னாளே, உன்னிடம் என்ன பட்டா இருக்கிறது என்று. அதுதான் விடை! நானே வாடிக்கைக்காரி ஆகிவிட்டால்? என் வாசலில், என் முன்னால், எனக்குத் தெரியாமல் அவர்கள் பேசித்தானே ஆகவேண்டும்? தெருமுனைக்கு அனுப்ப முடியாதே, வீடு என்னுடையதாயிற்றே!

எங்கள் வீடு அருப்புக்கோட்டைதான். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ், இன்றைக்குக் காலை ஷிஃப்ட். அவர்கள் போனதும் பீரோவைத் திறந்தேன். பட்டு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணப் புடவை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, கை அகலத்துக்கு ஜரிகை. வருஷத்துக்கு ஒருதடவை எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து, திரும்ப வைப்பார்கள். கட்டி நான் பார்த்ததே இல்லை. இது திருட்டு இல்லை அக்கா. பொருள் யாருக்கும் பயன்படாமல் பீரோவில் இருக்கிறது, இங்கே ஒரு மொழி நாளைக்கு ஐந்து மணிக்குச் சாகப்போகிறது. எடை போட்டுப் பாருங்கள். அதுவுமில்லாமல் புடவையைக் கொடுப்பதாகவே இல்லை, கடைசியில் கட்டுப்படியாகாது என்று சொல்லித் திரும்ப வாங்கிவிடுவதாகத்தான் திட்டம்.

இன்றைக்கு அவர்கள் சுற்று அருப்புக்கோட்டை. எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். ரெக்கார்டரை ஜன்னலில் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் முத்துராக்கு, "ரேடியோ வீடா?" என்று திரும்பிப் போகப் பார்த்தாள். சீனியம்மாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வாசல் என்றால் வாசல்தானே, வியாபாரம் என்றால் வியாபாரம்தானே. புடவையைக் கையில் வாங்கினார்கள். முந்தியைத் திருப்பினார்கள். சீனியம்மா ஒரு வார்த்தை சொன்னாள். முத்துராக்கு உதட்டைப் பிதுக்கி இன்னொரு வார்த்தை சொன்னாள்.

சில்லாரி அக்கா! என் வாசலில், என் முன்னால், என்னிடமிருந்து மறைத்து! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த உதட்டைப் பிதுக்கியதைக் கவனியுங்கள். என்ன அர்த்தம்? எங்கள் அம்மா புடவையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதா? "என்ன சொன்னீங்க? ஜரிகை போலின்னா சொன்னீங்க?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். "அப்ப பழசுன்னு சொன்னீங்களா?" இல்லை என்றார்கள். "பழசுதான், ஆனா ஒருதடவைதான் உடுத்தினது, கறை இருக்கா பாருங்க, கிழிசல் இருக்கா பாருங்க" என்று விரித்துக் காட்டினேன். ஒரு குண்டான் தருகிறேன் என்றாள் முத்துராக்கு. குண்டானா! சொல்லுங்கள், குண்டான் ஒரு மரியாதையா? ஆய்வு ஒரு பக்கம் இருக்கட்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? நான் எழுந்து நின்றேன். நெசவு, சாயம், உழைப்பு, ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கல்யாணப் புடவைக்கு இருக்கிற இடம், எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். குண்டான் குடமாயிற்று. குடம் அண்டாவாயிற்று. அண்டா எனக்கு எதற்கு என்று ஒரு வாதம். இடையில் அவர்கள் வாயைத் திறக்கப் பார்ப்பார்கள், நான் அடுத்த பாயிண்டை வைத்துவிடுவேன். கடைசியில் நாலு தட்டு, பதினாறு குழி, கெட்டி எவர்சில்வர் இட்லிச் சட்டியில் வந்து நின்றது. சீனியம்மாவே சொன்னாள், "இருவது வருசத்துல இம்புட்டு தூரம் எங்கள ஏத்துன ஆளு கிடையாது தாயி" என்று.

ஜெயித்துவிட்டேன் அக்கா. பேச்சுக்குச் சொல்லவில்லை, முழுசாக ஜெயித்தேன்.

அவர்கள் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போனபிறகு ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டேன். நாற்பத்துமூன்று நிமிஷம். சில்லாரி எவ்வளவு தெரியுமா? பதினோரு விநாடி. அதுவும் இரண்டு துண்டாக. இரண்டின்மேலும் யாரோ ஒரு பெண் கத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தையும் பிரித்தெடுக்க முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை செலவு செய்து இந்தத் துறை இவ்வளவு மட்டமான ரெக்கார்டரை வாங்கிக் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் எடுக்கிறது.

என்ன, என்ன? ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உங்கள் ஸ்டாப்பா? பனையூர் விலக்கா? அது போய் இருபது நிமிஷம் ஆகிறதே! ஏனக்கா, வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? நான் என்ன பிடித்தா வைத்திருக்கிறேன்? இப்படி உரிமையைக் கேட்டு வாங்காமல் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தே நாம் எல்லாவற்றையும் இழக்கிறோம். உட்காருங்கள். இனி மாட்டுத்தாவணியில் இறங்கி எதிர் பஸ் பிடிக்கவேண்டியதுதான். கண்டக்டரிடம் நான் பேசுகிறேன், உங்களிடம் கூடுதல் டிக்கெட் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். இப்போது கேளுங்கள், முடிவுக்கு வந்துவிட்டேன்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூட்டை, மூட்டைமேல் புடவை. சீனியம்மா என்னைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா?

"தாயி, ஒங்க ஆத்தாளுக்குத் தெரியுமா?"

"அதுவா இப்ப முக்கியம்? நாளைக்கு அஞ்சு மணிக்கு உங்க மொழியே இருக்காது பெரியம்மா!" என்றேன். அதற்குள் டீக்கடைக்காரர் என்னம்மா பிரச்சினை என்று கேட்டுவிட்டார். நியாயம் கேட்கிற ஒரு மனுஷனிடம் பாதியில் நிறுத்த முடியுமா? வரைபடம், புள்ளி, ஏழாவது கட்டம், பின்கோடு, வியப்புக்குறி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் இரண்டு தடவை பால் பொங்கவிட்டார், அவ்வளவு ஈடுபாடு. அந்த நேரம் பூராவும் இந்த இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்கிறீர்கள்? என் முதுகுக்குப் பின்னால் தாங்கள் பாட்டுக்கு என்னமோ பேசிக்கொண்டே இருந்தார்கள். கால் மணி நேரம் இருக்கும். ஒருதடவை திரும்பினபோது முத்துராக்கு வேண்டாம் வேண்டாம் என்பது மாதிரித் தலையாட்டினாள், சீனியம்மா புடவையைத் தட்டித் தட்டி என்னமோ சொன்னாள், காதில் சரியாக விழவில்லை. நான் இங்கே அவர்கள் மொழிக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவர்களுக்கு அவர்கள் அரட்டை! ரெக்கார்டரா? பையில் இருந்தது. டீக்கடையில் எதைப் பதிவு செய்வது?

பேசி முடித்துத் திரும்பினேன். சீனியம்மா சட்டியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்திருந்தாள். எப்போது வாங்கினாள் என்றே எனக்குத் தெரியாது. "மூடி ஆடுது தாயி, பஸ்ஸுல உருண்டுரும்" என்று சணல் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். முத்துராக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். "வீட்டுக்குப் போயித்தான் அவுக்கணும். ஆத்தா கையில குடு, அவுக அவுக்கட்டும்" என்றாள் சீனியம்மா. இட்லிச் சட்டிக்கு இத்தனை சடங்கு. கட்டித் திரும்பக் கொடுத்தபோது, காலையில் தூக்கியதைவிடக் கனமாக இருந்தது. ஓடிவந்த களைப்பு. என்ன அக்கா, அரக்கு நிறத்திலா நீட்டிக்கொண்டிருக்கிறது? துணி எந்த நிறமாயிருந்தால் என்ன, பாத்திரம் துடைக்கிற துணிதானே. தொடாதீர்கள், கட்டு அவிழ்ந்துவிடும்.

அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டும்? பேசுகிறவர்கள் அவர்கள். எங்கே பேசுகிறார்கள் என்று அவர்களே சொல்லட்டும், அதை அப்படியே கட்டத்தில் எழுதிவிடுவது. ஆராய்ச்சியில் இதற்குமேல் நேர்மை உண்டா? படிவத்தை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். சத்தியம் செய்துகொடுத்தேன்: "பெரியம்மா, நீங்க என்ன சொல்றீங்களோ, ஒரு எழுத்துக்கூட மாத்தாம எழுதுவேன். அடிக்க மாட்டேன், திருத்த மாட்டேன். இதுதான் நாளைக்கு அச்சுல வரப்போகுது. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. சில்லாரி எங்க பேசப்படுது? வாசல்ல மட்டும்தானா, சந்தையிலயா, பஸ்ஸுலயா, ஏதாவது சத்திரத்துலயா? ஒரு ஊரா பல ஊரா? பல ஊர்னா எல்லாத்துலயும் பெரிய ஊர் எது? ஏன் கேக்கறேன்னா, தவசிலிங்கம் சார்..."

சீனியம்மா கையைத் தூக்கினாள். சும்மா தூக்கினாள், பஸ்ஸை நிறுத்துவது மாதிரி. டீயைக் கடைசி மிடறு குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். முத்துராக்கு பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு அந்தப் பதிலுக்கு யோசனையே தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எழுதினேன் அக்கா. கொடுத்த வாக்கு. நீல மையில், ஏழாவது கட்டத்தில், வார்த்தைக்கு வார்த்தை. நாளைக்குப் போய் இதைத்தான் சாரிடம் நீட்டப்போகிறேன். இதை ஒரு விலாசம் என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா, இது எந்த வட்டம், எந்த மாவட்டம், வரைபடத்தில் இதற்கு எங்கே புள்ளி வைப்பது? நீங்கள்தான் படித்துப் பார்த்துச் சொல்லவேண்டும். இவ்வளவு நேரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, இதையாவது வாய்விட்டுப் படியுங்கள். இதோ, இந்தக் கட்டம்.

"நீ பேசாத எடத்துல, தாயி."